முதியவர் கழுத்தில் தைராய்டு கட்டி: எதில் ஊசி, எதை விட்டுவிடலாம்?

60 வயதைக் கடந்தவர்களின் கழுத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால், ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தைராய்டில் ஒரு கட்டியாவது இருக்கும். பலருக்கு இது தற்செயலாகத்தான் தெரியவரும்: பக்கவாதத்துக்குப் பின் கழுத்து ரத்தக்குழாயை டாப்ளரில் பார்க்கும்போது, இருமலுக்காக மார்பு சி.டி. எடுக்கும்போது. வயது ஏற ஏறக் கட்டிகள் பெருகுகின்றன. ஆனால் ஒரு கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. அப்படியே புற்றாக இருந்துவிட்டால், அது முரட்டு வகையாக இருக்கும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எந்தக் கட்டியில் ஊசி போட்டுச் செல் எடுக்க வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்று பிரித்துச் சொல்வதுதான் ஸ்கேனின் வேலை.

ஸ்கேனோடு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும் வேண்டும். டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் கட்டியே ஹார்மோனை மிகையாகச் சுரக்கலாம். சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஐசோடோப் ஸ்கேனில் அது உறுதியானால் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது; அத்தகைய கட்டி புற்றாக இருப்பது அரிது. ஆனால் முதியவருக்கு அது இதயத்துடிப்பைச் சீர்குலைக்கும், எலும்பைத் தேய்க்கும் என்பதால் சிகிச்சை தேவைப்படலாம்.

தைராய்டு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்கோட்டு ப்ரோப் (கழுத்தின்மேல் வைத்து ஒலியை அனுப்பும் கருவி) போதும். 12 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 0.13 மி.மீ. அதனால்தான் மிகச் சிறிய சுண்ணாம்புப் புள்ளிகூடத் திரையில் வெள்ளையாகத் தெரிகிறது. அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஒலி ஆழம்வரை போகாது.

முதியவரிடம் முதல் சிக்கல் படுக்க வைப்பதிலேயே வரும். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பது வழக்கம். கழுத்தெலும்புத் தேய்மானமோ கூனோ உள்ளவரால் அது முடியாது, தலைசுற்றலும் வரலாம். அவருக்குத் தலையணையைக் குறைத்து, ப்ரோப்பை மார்பெலும்புக்குப் பின்னால் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். எச்சில் விழுங்கச் சொன்னால் சுரப்பி மேலேறி, கட்டியின் அடிமுனை ஒரு கணம் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் வளைந்த ப்ரோப்பை எடுக்கலாம். அடிமுனை தெரியாமலே அளவைக் குறித்தால் அடுத்த முறை கட்டி வளர்ந்ததுபோல் தோன்றும்.

கட்டியின் தன்மைக்கு மதிப்பெண் போடும் டைராட்ஸ் முறையை அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்டது. நீர் நிறைந்ததோ தேனடைபோல் துளைதுளையாக இருப்பதோ 0 வாங்கும். முழுக்கத் திடமானதற்கு 2, சுற்றியுள்ள திசுவைவிடக் கருமையானதற்கு 2, குறுக்குவெட்டில் அகலத்தைவிட முன்பின் உயரம் கூடியதற்கு 3, நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளுக்கு 3. விளிம்புக்கும் தனி மதிப்பெண் உண்டு.

1.2 செ.மீ. அளவுள்ள, திடமான, கருமையான கட்டி 4 மதிப்பெண் பெற்று நான்காம் வகுப்பில் சேரும். அந்த வகுப்புக்கு 1.5 செ.மீ. ஆனால்தான் ஊசி, 1 செ.மீ. தாண்டியதால் கண்காணிப்பு மட்டும் போதும். அதே கட்டியில் நுண்புள்ளிகளும் இருந்தால் மதிப்பெண் 7, ஐந்தாம் வகுப்பு. அதற்கு 1 செ.மீ.யிலேயே ஊசி.

நுண்புள்ளிகளுக்கான அந்த 3 மதிப்பெண்ணில்தான் ஏமாறுவது எளிது. தைராய்டு சுரக்கும் கூழ்மத்தின் (கொலாய்டு) துகள்களும் வெள்ளைப் புள்ளியாகவே தெரியும். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வால் நீளும், அதற்கு மதிப்பெண் இல்லை. முதியவர்களின் உணவுக்குழாய்ச் சுவர் பிதுங்கிப் பை உருவாகி, பெரும்பாலும் இடப்புறத் தைராய்டுக்குப் பின்னால் கட்டிபோல நிற்பதுண்டு. உள்ளே சிக்கிய காற்று சுண்ணாம்புப் புள்ளிபோல் மின்னும். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் புள்ளிகள் நகரும், உருவமும் மாறும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஊசி போடுவது தவறு. ப்ரோப்பை அழுத்திப் பிடிப்பதும் கேடுதான்: கட்டி தட்டையாகி, உயரமான வடிவம் மறைந்துவிடும்.

ஊசி தேவை என்றானால் 25 அல்லது 27 கேஜ் மெல்லிய ஊசி போதும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கும் பொதுவாகப் போடலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட்டு வரக் கூடாது; அதனால் வரும் பக்கவாதம் கட்டியைவிடப் பெரிய ஆபத்து.

எல்லாக் கட்டியையும் குத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. தைராய்டு ஸ்கேன் அங்கே பரவலானபின், 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்று 1993ஐவிட 15 மடங்கு. இறப்பு விகிதம் மாறவில்லை. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993 முதல் 1 செ.மீ.க்குட்பட்ட பாப்பிலரி புற்றுகளை (தைராய்டு புற்றில் மிகப் பரவலான வகை) அறுக்காமல் ஸ்கேனிலேயே கண்காணித்து வருகிறது. அவை மிகக் குறைவாக முன்னேறியது முதியவர்களிடம்தான். 80 வயதில், இதய நோயோடு இருப்பவரிடம் கண்காணிப்பே பல வேளைகளில் சரியான சிகிச்சை.

கண்காணிப்பில் முந்தைய ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால் மெல்ல வளர்வது கண்ணில் படாது. முதல் படத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு திசைகளிலாவது 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடினால், அல்லது கன அளவு பாதிக்குமேல் பெருகினால்தான் வளர்ச்சி என்று கொள்வார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். அதனால் ரிப்போர்ட்டில் மூன்று அளவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படங்களையும் வாங்கி வையுங்கள்.

ஆனால் சில வாரங்களிலேயே கட்டி பெருத்து, குரல் கம்மி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. முதியவர்களிடம் வரும் அனாபிளாஸ்டிக் வகைப் புற்று அப்படித்தான் வளரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.