இரண்டாவது கரண்டி

குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் சூப்தான் என்கிறார் ஒரு வாசகி. அவர் கேள்வி இது: "ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கினாலும் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது. உருளைக்கிழங்கு சூப் மட்டும் மேலே ஆடை படிந்து, ஆறிப்போனது போல நடித்துவிட்டு வாயைச் சுடுகிறது. அப்படி என்ன இருக்கிறது அதற்குள்?"

இதே கேள்வியை, இதே போல நாக்கைச் சுட்டுக்கொண்டு, 200 வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். பீரங்கிக் குழாயைக் குடையும்போது உராய்வினால் வெப்பம் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தவர் என்று பலருக்கும் நினைவிருக்கும் ரம்ஃபோர்டு பிரபு, பெஞ்சமின் தாம்ப்சன். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மானியப் பகுதியான பவேரியாவின் ஆட்சியாளருக்கு வேலை செய்து, மியூனிக் நகரத்து ஏழைகளுக்காக பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு மலிவான சூப் ஒன்றை வகுத்துக் கொடுத்த மனிதர். விஞ்ஞானி, ராணுவக்காரர், சமையல் ஆராய்ச்சியாளர், எல்லாம் ஒரே ஆள்.

1797-இல் வெளியான கட்டுரை ஒன்றில் அவர் சொல்லும் கதை இது. ஏதோ ஒரு சோதனையில் மூழ்கியிருந்தபோது, அரிசி போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப் ஒரு கிண்ணத்தில் வந்தது. சாப்பிட நேரமில்லை. ஆறிவிடக் கூடாதே என்று, அறையைச் சூடாக்கும் இரும்புக் கணப்பின் மேலேயே வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் போனது. பசி வந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால், கிட்டத்தட்ட சில்லென்று இருந்தது. இரண்டாவது கரண்டி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அது வாயைப் பொசுக்கிவிட்டது.

நாமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறந்திருப்போம். அவர் மறக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் கணப்பு எரிகிறது. அடிப்பகுதி கொதிக்கிறது. அங்கிருந்து சில அங்குலம் மேலே இருக்கும் சூப்புக்கு அந்தச் சூடு ஏன் போய்ச் சேரவில்லை?

விடையின் பாதி அவருக்கு ஒரு வெப்பமானியில் கிடைத்தது. சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றைச் சூடாக்கிவிட்டு, ஜன்னலோரம் ஆற வைத்திருந்தார். உள்ளே எப்படியோ கலந்துவிட்ட தூசித் துகள்கள் குழாயின் நடுவே மேலேறுவதும், கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கீழிறங்குவதுமாக ஓடிக்கொண்டிருந்தன. பள்ளியில் படித்த வெப்பச்சலனம்தான் இது. சூடான திரவம் விரிந்து லேசாகி மேலே வரும், ஆறிய திரவம் கனத்துக் கீழே போகும். திரவத்துக்குள் வெப்பம் இடம் மாறுவதென்றால், பெரும்பாலும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு திரவமே இடம் மாறுகிறது.

இதைச் சூப்புக்குப் பொருத்திப் பாருங்கள். கிண்ணத்தில் இருக்கும் திரவம் வெப்பத்தை இழக்கும் முக்கியமான இடம் அதன் மேற்பரப்பு. அங்கேதான் ஆவியாதல் நடக்கிறது. 100 கிராம் வெந்நீரிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனால், மிச்சத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 5½ டிகிரி இறங்கிவிடும். உள்ளுறை வெப்பம், அதாவது நீர் ஆவியாக மாறும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், அவ்வளவு பெரியது. (குளிர்காலத்தில் கிண்ணத்திலிருந்து 'ஆவி' அதிகமாகக் கிளம்புவது போலத் தெரியும். நீராவி கண்ணுக்கே தெரியாது. நாம் பார்ப்பது, குளிர்ந்த காற்றில் பட்டு மறுபடி நீர்த்துளியாகிவிட்டதை.)

வெந்நீரில் மேற்பரப்பு ஆறிய உடனே அந்தத் தண்ணீர் கனத்து மூழ்குகிறது. அடியிலிருந்து புதுச் சூடு அந்த இடத்துக்கு வருகிறது, அதுவும் ஆவியை விட்டு ஆறுகிறது, மூழ்குகிறது. மொத்தக் கிண்ணமும் வரிசையில் வந்து வெப்பத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. கெட்டியான சூப்பில் இந்த வரிசையே கிடையாது. மேலே ஆறியது ஆறியபடி மேலேயே கிடக்கிறது. அடியில் இருப்பதற்கு அதுவே மூடி. நம் வாசகியை ஏமாற்றிய ஆடை இந்த மூடியின் மேல் இன்னொரு மூடி. அது ஆவியாதலையும் கொஞ்சம் தடுக்கிறது.

சலனம் நின்றுவிட்டால் மிஞ்சுவது வெப்பக்கடத்தல். அதில் தண்ணீர் மகா மட்டம். தாமிரம் அதைவிட 600 மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அசையாத தண்ணீரில் 3 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியே வர வேண்டும் என்றால், கணக்குப்படி ஒன்றே முக்கால் மணி நேரம் என்ற அளவில் ஆகும்.

ரம்ஃபோர்டு இதைச் சோதித்தும் பார்த்தார். வெறும் தண்ணீர், மாவுச்சத்து கலந்த தண்ணீர், வாத்தின் மெல்லிய இறகைக் கலந்த தண்ணீர், வேகவைத்த ஆப்பிள் கூழ் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வெப்பம் உள்ளே போக எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். ஓட்டத்தைத் தடுப்பது எதுவானாலும் வெப்பம் தாமதமானது. உற்சாகத்தில், திரவங்கள் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று ஒரு படி தாண்டியும் சொல்லிவிட்டார். அது தவறு. மோசமாகக் கடத்தும், அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். ஒரு கப் சூப்பைக் கெட்டியாக்க ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் போதும். எடையில் பார்த்தால் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு. மீதி எல்லாம் ஏறக்குறைய தண்ணீர்தான். இந்த மூன்று நான்கு பங்கு, மீதித் தொண்ணூற்றாறு பங்கையும் எப்படிக் கட்டிப் போடுகிறது?

மாவுச்சத்து செடிக்குள் பொடிப்பொடி மணிகளாக இருக்கிறது. அரிசியில் அந்த மணி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உருளைக்கிழங்கில் பெரியது, பத்தில் ஒரு பங்கு வரை போகும். ஒவ்வொன்றும் அடுக்கடுக்காக, மரத்தின் வளையம் போல வளர்ந்தது. அடுக்குக்குள் இரண்டு வகைச் சங்கிலிகள். அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீள நூல், அமைலோபெக்டின் கிளைவிட்ட புதர். இரண்டுமே குளுக்கோஸைக் கோத்துக் கோத்துச் செய்தவை. புதரின் கிளைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, இடையிடையே படிகமாகவே ஒழுங்குபட்டிருக்கின்றன. அதனால்தான் குளிர்ந்த தண்ணீரில் மாவைக் கலக்கினால் கரையாது. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படிந்துவிடும்.

இந்த மணிகளைத் தளவிளைவுற்ற ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி) நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பது ஒரு சுகம். இருட்டுப் பின்னணியில் ஒவ்வொரு மணியும் பளிச்சென்று ஒளிரும், நடுவே கறுப்பாக ஒரு சிலுவை. உள்ளே இருக்கும் ஒழுங்கு ஒளியைத் திருப்புவதால் வரும் கோலம் அது. இப்போது மெதுவாகச் சூடேற்றுங்கள். 50 டிகிரி வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. 60-ஐ நெருங்கும்போது எங்கோ ஒரு மணியில் சிலுவை மங்கும், அணையும். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே நொடியில் அணைவதில்லை, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வெப்பநிலை. 75 டிகிரி வாக்கில் அநேகமாக எல்லாம் அணைந்துவிடும். விளக்கு அணைவது போலத் தெரிந்தாலும், கதவு திறப்பது என்று சொல்வதே பொருத்தம். படிகம் குலைந்துவிட்டது, தண்ணீர் உள்ளே நுழைகிறது.

நுழைந்த தண்ணீர் குளுக்கோஸ் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கிறது. மணி பருமனில் பல மடங்கு ஊதுகிறது. நூல் வடிவ அமைலோஸ் மணிக்கு வெளியே கசிந்து, சுற்றியிருக்கும் தண்ணீரில் சிக்கலாகப் பின்னிக் கிடக்கிறது. பானை முழுக்க ஊதிப்போன பலூன்கள், நடுவில் நூல். ஒன்றையொன்று முட்டாமல் எதுவும் நகர முடியாது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. முன்பு மணிகளுக்கு வெளியே சுதந்திரமாகத் திரிந்தது இப்போது உள்ளே குடியேறிவிட்டது. கரண்டியால் கிண்டும்போது திடீரென்று கை கனக்குமே, அந்த அரை நிமிடத்தில் கோடிக்கணக்கான மணிகளுக்குள் இந்தக் குடியேற்றம் நடந்து முடிகிறது.

இது தெரிந்துவிட்டால் அடுப்படிச் சங்கடங்கள் பலவற்றுக்கு விடை தானாக வரும். மாவை நேராகக் கொதிக்கும் சூப்பில் கொட்டினால் கட்டி தட்டுவது ஏன்? குவியலின் வெளி ஓரம் உடனே ஊதி ஒட்டி, உள்ளே தண்ணீர் போகாதபடி அடைத்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மணிகள் முதலில் பிரிந்துவிடும், பிறகு தனித்தனியாக ஊதும். கெட்டியான பிறகும் விடாமல் கொதிக்க வைத்துக் கிண்டினால் பலூன்கள் உடைந்து சூப் நீர்த்துப்போகும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழிவதும் இதற்காகத்தான். அமிலமும் சூடும் சேர்ந்து நேரமாக ஆகச் சங்கிலிகளை வெட்டும்.

ஒரு முறை வெதுவெதுப்பான கெட்டி சூப்பை ருசி பார்த்த கரண்டியையே திரும்பத் திரும்ப உள்ளே போட்டு, படித்துக்கொண்டே சாப்பிட்டேன். பாதிக் கிண்ணம் தாண்டும்போது அது தண்ணீராக ஓடியது. குற்றவாளி என் எச்சில். அதில் இருக்கும் அமைலேஸ் நொதி மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டும். எச்சில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று லாய்க்ஸ் என்ற ஜெர்மானியர் 1831-இலேயே கண்டு சொல்லிவிட்டார். கொதிக்கும் பானையில் விழுந்தால் நொதி செயலிழந்துவிடும், ஆனால் ஆறிய கிண்ணத்தில் அது சுறுசுறுப்பு.

'சூப் குடித்தால் உடம்பு சூடாகும்' என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 60 டிகிரியில் கால் லிட்டர் குடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அது உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது தரும் வெப்பம் சுமார் 24 கிலோஜூல். 60 கிலோ உடம்பு முழுவதும் அது பரவினால் வெப்பநிலை 0.1 டிகிரி அளவுதான் ஏறும். ஆக, நமக்குக் கிடைக்கும் கதகதப்பில் பெரும்பங்கு உணர்வு. கிண்ணத்தைப் பிடித்த கை, முகத்தில் படும் ஆவி, வாய், தொண்டை. மிளகாய் போட்டால் ஏமாற்று இன்னும் ஒரு படி மேலே. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் 'சுடுகிறது' என்று நரம்பில் சேதி அனுப்பும் ஒரு புரதத்தை, மிளகாயின் காப்சைசின் சூடில்லாமலேயே தட்டி எழுப்பிவிடும். அந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் ஏன் எரிகிறது என்பது அவர் கேள்வி. சூப் ஏன் சுடுகிறது என்பது ரம்ஃபோர்டின் கேள்வி. இரண்டையும் ஒரு நிதி விண்ணப்பத்தில் எழுதி, 'சமுதாயத்துக்கு உடனடிப் பயன்' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை ஒழித்தால் நல்லது என்பது என் கட்சி.

மிச்ச சூப்புக்கு வருவோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் அது கட்டியாக உறைந்திருக்கும், சில நேரம் மேலே தண்ணீரும் தேங்கியிருக்கும். குடியேற்றம் தலைகீழாகிறது. வெளியே கசிந்த அமைலோஸ் நூல்கள் ஆறியதும் பக்கத்தில் பக்கத்தில் படிந்து மறுபடி ஒழுங்குபடுகின்றன, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. அமைலோபெக்டினும் அதையே செய்யும், நாள் கணக்கில் மெதுவாக. ரொட்டி பழசாகி விறைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். காற்றுப் புகாமல் மூடி, ஈரம் குறையாமல் வைத்தாலும் ரொட்டி விறைக்கிறது என்று பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-இல் காட்டினார். சுடவைத்தால் இளகுவதற்கும் இதே காரணம்.

மீண்டும் சூடாக்கிய உணவு விஷமாகிவிடும் என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து சூடாக்குவதில் இல்லை, ஆறவிடும் விதத்தில் இருக்கிறது. மாவுப் பொருள்களில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி 5 டிகிரிக்குப் போய்ச் சேரும் வரை உள்ள நேரம் அவற்றுக்குக் கொண்டாட்டம். அவை உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. பெரிய பானையில் கெட்டி சூப்பை ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவைத்தால், நாம் இவ்வளவு நேரம் ரசித்த அதே மூடி பாக்டீரியாவுக்குக் கணப்பு ஆகிவிடுகிறது. மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு. அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மறுநாள் அடுப்பில் ஏற்றும்போது சும்மா விடவும் கூடாது. ரம்ஃபோர்டின் கிண்ணம் போலவே அடி தீய்ந்துகொண்டிருக்கும்போது மேலே சில்லென்று கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில், அடியோடு சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ருசி பார்க்கும்போது ஆழத்திலிருந்து எடுத்து, ஊதிவிட்டு வாயில் வையுங்கள்.