மூத்த பியானோ கலைஞரும் அவருடைய செவியும்

சில ஆண்டுகளுக்கு முன் செவித்திறன் சோதனைக்காக என்னிடம் வந்த 78 வயதுப் பியானோ கலைஞர், உட்கார்ந்ததும் தம் பியானோவைப் பற்றித்தான் முறையிட்டார். உயர்ந்த சுரங்களுக்குரிய வலக்கோடிக் கட்டைகள் மரத்தைத் தட்டுவது போல ஒலிக்கின்றன என்றும், சுருதி சேர்ப்பவரை ஒரே மாதத்தில் இரண்டு முறை வரவழைத்தும் சரியாகவில்லை என்றும் சொன்னார். உடன் வந்த மகளுக்கோ வேறு கவலை. அந்தப் பக்கக் கட்டைகளை அப்பா ஓங்கி அடிக்கிறார், விரல்கள் கட்டுப்பாட்டை இழந்துவிட்டன போலும், இனி மேடை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். சோதித்துப் பார்த்ததில் 2000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட உயர்ந்த ஒலிகளில் அவருடைய கேள்திறன் செங்குத்தாகச் சரிந்திருந்தது.

பியானோவின் 88 கட்டைகள் 27.5 ஹெர்ட்சிலிருந்து ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கின்றன. ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தொலித்து மெருகூட்டும் மேற்சுரங்கள் அதற்கும் மேலே செல்கின்றன. உட்செவியின் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் மயிர்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதோடு, முதுமையில் முதலில் பழுதாவதும் உயர்ந்த ஒலிகளை உணரும் செல்கள்தாம். ஆகவே கம்பியின் ரீங்காரம் மறைந்து, கம்பியில் சுத்தியல் மோதும் ஓசை மட்டும் எஞ்சுகிறது. இது பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்வதால் கலைஞர் தம் செவியைச் சந்தேகிப்பதே இல்லை. குறைவதை ஈடுசெய்யத் தம்மையறியாமலே அழுத்தி வாசிக்கிறார், அரங்கில் இருப்பவர்களுக்கு அது முரட்டுத்தனமாகக் கேட்கிறது.

குறைவது மட்டுமன்று, சுருதியே இடம் மாறிக் கேட்பதும் உண்டு. எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காணும் ஆற்றல் பெற்றிருந்த பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் (1915–1997), முதுமையில் சுரங்கள் உண்மையான நிலையைவிட உயர்ந்து கேட்பதாகக் கூறினார். விரல் ஒன்றைத் தொட, செவி வேறொன்றைச் சொன்னால் மனப்பாடம் குலையாமல் என்ன செய்யும்? தம் பிற்கால நிகழ்ச்சிகளில் அவர் அரங்கை இருட்டாக்கி, சிறு விளக்கொளியில் இசைத்தாளைப் பார்த்தே வாசித்தார். அதை நான் பெருந்துணிவாகவே கருதுகிறேன்.

கண் மங்கினால் நினைவு ஓரளவு துணை செய்கிறது. பார்வை மிகவும் குன்றியிருந்த நிலையிலும் பியானோ கலைஞர் மிஎச்சிஸ்லாவ் ஹோர்ஷோவ்ஸ்கி 1991ஆம் ஆண்டு பிலடெல்பியாவில், தம் 99ஆம் வயதில் மேடையேறினார். செவிக்கு அத்தகைய துணை எளிதில் அமைவதில்லை.

காதுக்கருவி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கருவிகள் முதன்மையாகப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அடக்குவது உரையாடலுக்கு நல்லது. ஆனால் தொடுகையின் நுட்பத்தால் இசை எழுப்பும் கலைஞருக்கு, வாழ்நாளெல்லாம் பழகிய மென்மையும் வன்மையும் ஒன்றாகிவிடுகின்றன. கருவி தன் ஒலியையே திரும்ப வாங்கிக் கீச்சிடாமல் காக்கும் கீச்சொலித் தடுப்பு, நீண்டு ஒலிக்கும் மேல் சுரத்தையும் கீச்சொலி என்று தவறாக எண்ணி அடக்க முயல்வதால் சுரம் நடுங்குகிறது.

காதுக்கருவி பொருத்திய பின் அந்தப் பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. கருவியைச் சரிசெய்ய மூன்றாவது முறை மடிக்கணினியுடன் அவர் வீட்டுக்கே சென்றேன். கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, ஒலி முற்றிலும் அடங்கும் வரை விரலை எடுக்காமல் காத்திருந்தார். "இது நடுங்குகிறது" என்று அவர் சொன்ன இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, இசைக்கென ஒரு தனி அமைப்பை உருவாக்கினேன். கீச்சொலித் தடுப்பைத் தளர்த்தி, இரைச்சல் குறைப்பை நிறுத்தி, ஒலியை அடக்கும் அளவைக் குறைத்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. இழந்த அனைத்தும் திரும்பவில்லை. மேல் கட்டைகள் மீண்டும் சுரங்களாயின.

ஆகவே மேடையை விடச் சொல்லும் முன் செவியைச் சோதியுங்கள். காதில் அடைத்த குறும்பி, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். சோதிப்பவரிடம் பியானோ வாசிப்பவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பேச்சுக்கான அமைப்போடு திரும்ப நேரும்.

அந்தப் பெரியவர் இப்போதும் வாசிக்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் ஆளில்லாத அரங்கின் கடைசி வரிசையில் மகள் அமர்ந்து, வலக்கை ஓங்கினால் கையை உயர்த்துகிறார். அவர் மேடையிலிருந்து பார்த்து, அந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கிறார்.