மரியோவின் நிழலில் ஏன் அழுக்குப் படிகிறது?

“என் மகன் டேப்லெட்டில் மரியோவை வரைந்து கலர் கொடுக்கிறான். நிழலுக்கென்று தனி லேயரில் (படத்தின்மேல் வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது) சாம்பல் நிறத்தைப் பூசினால் படம் அழுக்காகத் தெரிகிறது. அந்த லேயரின் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றி, இளம் ஊதாவைப் பூசினால் பளிச்சென்று இருக்கிறது. இது எப்படி?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

மரியோவுக்கு நிழல் கிடைத்ததே பிற்காலத்தில்தான். 1981இல் ‘டாங்கி காங்’ வீடியோ விளையாட்டுக்காக ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ அவரை உருவாக்கியபோது, வரைவதற்குக் கிடைத்தவை சில புள்ளிகளே. முடி வரைய இடமில்லாததால் தொப்பி வந்தது. வாய் வரைய இடமில்லாததால் மீசை வந்தது. 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டிலும் அவர் உருவத்துக்கு மூன்றே நிறங்கள். முடி, மீசை, சட்டை, காலணி எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு! நிழலுக்கென்று நான்காவது நிறத்துக்கு அங்கே வழியே இல்லை.

இன்று அந்த நெருக்கடி கிடையாது. முதலில் ஸ்கெட்ச், மேலே ஒரு லேயரில் லைன் ஆர்ட் (கோட்டோவியம்), அடியில் இன்னொரு லேயரில் தட்டையான நிறங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணினி சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை மூன்று எண்களாக வைத்துக்கொள்கிறது. இனிதான் விஷயம்.

மரியோவின் தொப்பி (230, 20, 20) என்று வைத்துக்கொள்வோம். இதன்மேல் (128, 128, 128) என்ற சாம்பல் நிறத்தைப் பாதி அடர்த்தியில் பூசினால் கணினி இரண்டுக்கும் சராசரி எடுக்கும். விடை (179, 74, 74). சிவப்பு குறைந்தது சரி. ஆனால் பச்சையும் நீலமும் 20லிருந்து 74க்கு ஏறிவிட்டன! நிழலில் ஒளி குறைய வேண்டும். இங்கே இரண்டு நிறங்களில் கூடியிருக்கிறது. கண்ணுக்கு அழுக்காகப் படுவது இந்தக் கூடுதல்தான்.

மல்டிப்ளை சராசரி எடுப்பதில்லை, பெருக்குகிறது. நிழல் லேயரின் எண்களை 255ஆல் வகுத்து, 0 முதல் 1 வரையிலான பின்னங்களாக்கிக்கொள்கிறது. இளம் ஊதா (180, 160, 210) என்றால் அவை 0.71, 0.63, 0.82. தொப்பியின் எண்களை இவற்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட (162, 13, 16). ஆழ்ந்த, சுத்தமான சிவப்பு. ஒன்றுக்கு மேற்படாத எண்ணால் பெருக்கும்போது எதுவும் கூட முடியாது. வெள்ளை என்றால் 1, அடியில் இருப்பது அப்படியே இருக்கும். கருப்பு என்றால் 0, எல்லாம் மறையும். காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்த லைன் ஆர்ட்டை மல்டிப்ளையில் வைத்ததும் வெள்ளைத் தாள் காணாமல் போய்க் கோடுகள் மட்டும் நிற்பதும் இதனால்தான்.

இயற்கையும் இதையேதான் செய்கிறது. ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒவ்வொரு நிற ஒளியிலும் ஒரு பங்கை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்கு வருவது, விழுந்த ஒளி பெருக்கல் அந்தப் பங்கு. வெயிலில் நிற்பவரின் நிழலுக்குள் நேர் வெயில் வராது, நீல வானத்தின் ஒளி வரும். எனவே நிழல் நிறத்தில் நீலம் தூக்கலாக இருப்பதுதான் நியாயம். இளம் ஊதா அழகாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

என்னை மிகவும் மகிழ்விக்கும் இடம் இதற்கும் அடியில் இருக்கிறது. கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவே அல்ல. 128 என்ற எண் திரையில் தரும் ஒளி பாதி அல்ல, முழு வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம். எண்ணை 255ஆல் வகுத்து, ஏறத்தாழ 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்தினால்தான் உண்மையான ஒளி கிடைக்கும். அப்படியானால் இந்த எண்களை வைத்துப் போடும் கணக்கெல்லாம் தப்பாகத்தானே வரவேண்டும்? சராசரி தப்பாகத்தான் வருகிறது. முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் மென்மையான பிரஷ்ஷால் குழைத்தால் நடுவில் (128, 128, 0) என்று ஒரு மங்கிய பழுப்புப் பட்டை விழும். ஒளியையே கலந்திருந்தால் (188, 188, 0) என்ற மஞ்சள் வந்திருக்கும். பெருக்கலோ தப்பித்துவிடுகிறது! இரண்டு எண்களைப் பெருக்கி அடுக்கேற்றினாலும், அடுக்கேற்றிவிட்டுப் பெருக்கினாலும் விடை ஒன்றே. பள்ளியில் படித்த அடுக்கு விதிதான். கருப்பை ஒட்டிய சிறு பகுதியைத் தவிர, மல்டிப்ளை எண்களில் போடும் கணக்கு ஏறத்தாழ ஒளியில் போட்ட கணக்காகவே அமைந்துவிடுகிறது.

ஓவிய வகுப்பையும் இயற்பியல் வகுப்பையும் வெவ்வேறு அறைகளில் பூட்டி வைத்திருப்பது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கணக்குகளை யாரும் திறந்து பார்க்கலாம் என்று விட்டிருக்கும் கிரிட்டா போன்ற இலவச ஓவிய மென்பொருளைப் பயனர்களின் நன்கொடையும் தாங்குகிறது. அரசுகளின் கல்வி நிதியிலும் அதற்கு ஒரு பங்கு போக வேண்டும்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மரியோ எறியும் நெருப்புப் பந்தின்மேல் நிழல் லேயர் படக்கூடாது. அது தானே ஒளி விடும் பொருள், வெயிலை எதிர்பார்த்து இருப்பதல்ல. அதன் வெளிச்சம் தொப்பியில் பட வேண்டுமானால், லேயரைக் கூட்டல் வகைக்கு, அதாவது ‘ஆட்’ என்பதற்கு மாற்றி, மெல்லிய ஆரஞ்சு நிறத்தை நெருப்பு இருக்கும் பக்கத்து விளிம்பில் மட்டும் பூசச் சொல்லுங்கள்.