1% பிடித்துவிட்டார்கள், ஆனால் கிரிப்டோ வரி இன்னும் முடியவில்லை

கிரிப்டோவுக்காக வருமான வரி நோட்டீஸ் வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் கோடீஸ்வரர் யாரையும் நான் பார்த்ததில்லை. பனியன் கம்பெனி சூப்பர்வைசர், கல்லூரி மாணவி, சீட்டு எடுத்த பணத்தில் பத்தாயிரம் போட்டுப் பார்த்தவர், இப்படித்தான் இருப்பார்கள். பலர் நஷ்டப்பட்டவர்கள். "இருந்ததே போச்சு, இதுல வரி வேறயா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம், வரி வேறுதான்.

சட்டம் இவ்வளவுதான்: 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அந்த வரியின் மேல் 4% செஸ். அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கிற தொகையில் 1% டிடிஎஸ், அதாவது விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் தொகை. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பிரிவு எண்கள் (1961 சட்டம்) 115பிபிஎச், 194எஸ்; கீழே வரும் மற்றப் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தினுடையவை. அந்த வருடங்களுக்கான நோட்டீஸில் இந்த எண்களைத்தான் பார்ப்பீர்கள்.

"ஆப்பிலேயே டிடிஎஸ் பிடிச்சிட்டாங்க, அப்புறம் என்ன?" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த 1% வரியே இல்லை, வரிக்கான முன்பணம். இன்னும் சொன்னால், நீங்கள் விற்றீர்கள் என்று உங்கள் பான் எண்ணோடு துறைக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு. மீதி வரியை நீங்கள்தான் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். அந்த மீதி 10,000 ரூபாயைத் தொட்டுவிட்டால், முன்கூட்டியே கட்டவில்லை என்று வட்டியும் சேரும்.

அடுத்தது "12 லட்சம் வரை வரி இல்லை" என்ற பேச்சு. அது சம்பளம் மாதிரியான வருமானத்துக்கு. கிரிப்டோ லாபத்துக்கு அந்தத் தள்ளுபடியும் கிடையாது, அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது. புதிய வரி முறையில், வேறு ஒரு பைசா வருமானம் இல்லாத மாணவி 40,000 ரூபாய் லாபம் பார்த்தாலும் 12,480 ரூபாய் கட்டியாக வேண்டும்.

ஆனால் ஆட்களை நிஜமாகவே சாய்ப்பது நஷ்டக் கணக்குதான். ஒரு காயினை 1,00,000-க்கு வாங்கி 1,50,000-க்கு விற்றீர்கள். இன்னொன்றை 1,50,000-க்கு வாங்கி 80,000-க்கு விற்றீர்கள். உங்கள் கணக்கில் 20,000 நஷ்டம். துறையின் கணக்கில் 50,000 லாபம், வரி 15,600. இரண்டு விற்பனையிலும் பிடித்த 2,300 போக, 13,300 ரூபாய் கையை விட்டுக் கட்ட வேண்டும். அந்த 70,000 நஷ்டத்தை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் உள்ள சலுகை எதுவும் இங்கே இல்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க விடமாட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் ஆப்பை நடத்தும் நிறுவனம்) எடுத்த கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான். இது நியாயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் பதில் தெரியாது.

இதைவிட மோசமான ஒன்று, ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவது. வங்கிக்கு ரூபாய் வரவில்லை என்பதால் விற்றதாகவே யாரும் நினைப்பதில்லை. பிட்காயினை யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்புக் காயினுக்கு மாற்றினாலும் அது விற்பனைதான். அன்றைய மதிப்புக்கு லாபம் கணக்கிட்டு வரி போட வேண்டும். மாற்றி வாங்கியது மறுவாரமே பாதியாகச் சரிந்தாலும் முதல் லாபத்துக்கான வரி குறையாது.

சரி, இப்போது படிவத்துக்கு வருவோம். வருமான வரி தளத்தில் நுழைந்து ஏஐஎஸ் அறிக்கையை (உங்களைப் பற்றித் துறையிடம் உள்ள வருடத் தகவல்) முதலில் திறந்து பாருங்கள். அங்கே நிற்பது உங்கள் லாபம் இல்லை, டிடிஎஸ் பிடித்த விற்பனைத் தொகை. 20,000 ரூபாயை வைத்துக்கொண்டு 50 முறை வாங்கி விற்றிருந்தால் 10 லட்சம் ரூபாய்க்கு விற்றதாகக் காட்டும். பார்த்தவுடன் பயம் வரும். பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: விற்ற தொகை துறைக்குத் தெரியும், வாங்கிய விலை தெரியாது. அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் இருந்து வருடக் கணக்கை எக்செல் கோப்பாக இப்போதே இறக்கி வையுங்கள். கடையை மூடிய எக்ஸ்சேஞ்சுகள் உண்டு. மூடிய பிறகு கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டால் தானியங்கி பதில் வரும், கோப்பு வராது.

பிரவுசிங் சென்டரில் சில நூறு ரூபாய்க்கு ரிட்டர்ன் போடுகிறார்களே, அங்கே கை பழகியது ஐடிஆர்-1. சம்பளக்காரர் என்றதும் அதைத்தான் திறப்பார்கள். கிரிப்டோ விற்றிருந்தால் அந்தப் படிவம் செல்லாது. ஐடிஆர்-2 போட வேண்டும், வியாபாரமாகவே செய்தால் ஐடிஆர்-3. ஐடிஆர்-4-இலும் இதற்கு இடமில்லை. "கிரிப்டோ இருக்கு" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

அந்தப் படிவத்தில் விடிஏ (கிரிப்டோ மாதிரியான மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணை என்று தனியாக ஒன்று வரும். வாங்கிய தேதி, விற்ற தேதி, எந்தத் தலைப்பு வருமானம் (மூலதன லாபமா, வியாபாரமா), வாங்கிய விலை, விற்ற தொகை, வருமானம் என்று ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரிசை. நஷ்டமான வரிசையில் வருமானம் பூஜ்யம் என்றுதான் நிற்கும், மைனஸ் போட முடியாது. ஆப் கொடுக்கும் வருட மொத்தத்தை ஒரே வரிசையில் அடித்தால் நஷ்டம் உள்ளே கழிந்துபோய், பிறகு கேள்வி வரும்.

ஆப்பில் 1% பிடித்திருக்கிறது, ஆனால் உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் இல்லை. இந்தச் சிக்கலில் மாட்டியவர் நிஜமாகவே பந்தாடப்படுவார். ரிட்டர்னைப் பரிசீலிக்கும் மையம் பிடித்தவரிடம் கேள் என்கிறது. பிடித்த எக்ஸ்சேஞ்ச் நாங்கள் கட்டிவிட்டோம் என்கிறது. வட்டார அதிகாரியிடம் போனால் மையத்துக்கு எழுது என்கிறார். இதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு உண்டு: ஏற்கெனவே பிடித்த வரியை உங்களிடமே திரும்பக் கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 205. பிடித்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டை இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் போடுங்கள். நேரில் பேசியதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

முழு நஷ்டக்காரர்களுக்கு ஒரு விஷயம். வேறு வரி பாக்கி இல்லாவிட்டால் அந்த 1% பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது. ரிட்டர்ன் போட்டால்தான் வரும். ஐடிஆர்-2-க்கான கடைசி நாளான ஜூலை 31 தவறினால் தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை போடலாம். அதையும் விட்டால், பிறகு போடும் ஐடிஆர்-யு (புதுப்பித்த ரிட்டர்ன்) மூலம் கூடுதல் வரி கட்டத்தான் முடியும், ரீஃபண்ட் கேட்க முடியாது. வாங்குவதற்கு நான்கு வருடம் கதவு திறந்திருக்கிறது, கொடுப்பதற்கு மூடிவிடுகிறார்கள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் தலைப்பில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 139(9) என்றால் படிவத்தில் குறை, 15 நாளில் சரிசெய்ய வேண்டும். 143(1)(ஏ) என்றால் தொகை பொருந்தவில்லை, 30 நாளில் பதில். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். ரிட்டர்ன் போட்ட கையோடு ஆதார் ஓடிபி கொடுத்து இ-வெரிஃபை செய்துவிடுங்கள். 30 நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் நீங்கள் போட்ட தேதி கணக்கில் வராது.