நனைக்காத மழைக்கு ஒரு கூரை

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் யாரும் நனைவதில்லை. வெயில் சுடாது, குளிர் நடுக்காது, பசி கிடையாது. மழை வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பெய்ய வைக்கலாம். அது அவதாரின், அதாவது அங்கே நமக்காக உலவும் உருவத்தின், தலையில் விழுந்து ஒன்றும் செய்யாமல் மறைந்துபோகும். நடந்தால் கால் வலிக்காது. நடக்கப் பிடிக்காதவர்கள் பறக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் மனிதர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அலுக்காமல் செய்துவரும் வேலை வீடு கட்டுவது. சும்மா நாலு சுவர் மட்டும் இல்லை. ஓடு வேய்ந்த கூரை, பறக்கத் தெரிந்தவர்களுக்குப் படிக்கட்டு, பசிக்காதவர்களுக்குச் சமையலறை, சில வீடுகளில் கழிப்பறைகூட உண்டு.

வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இந்த வீடுகள் எப்படி இயங்குகின்றன என்று உள்ளே புகுந்து பார்த்தால், வீடு எதற்காக என்று நாம் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகிறது.

சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் செகண்ட் லைஃபைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விளையாட்டு என்று சொல்லலாம் என்றால், அதில் ஜெயிக்க எதுவும் இல்லை. நிலம்தான் இருக்கிறது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்று சதுரம் சதுரமாக வெட்டிய நிலம். ஒவ்வொரு சதுரமும் ஒரு ரீஜன். அந்தச் சதுரத்துக்குள் எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, யாருடையது, யார் அதைத் தொடலாம், யார் நகர்த்தலாம் என்ற கணக்கு முழுவதும் சர்வரிடம் இருக்கும். நிலத்தின் மேல் நிற்பவற்றில் பெரும்பகுதி அங்கே குடியிருப்பவர்களே செய்தது. 2003 நவம்பரில், செய்தவருக்கே அதன் அறிவுசார் சொத்துரிமை சேரும் என்று நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகு கட்டுகிற வேகம் கூடியதில் ஆச்சரியமில்லை.

கட்டுமானத்துக்கான அடிப்படைத் துண்டுக்குப் பிரிம் என்று பெயர். கட்டும் கருவியைத் திறந்து தரையில் கிளிக் செய்தால், பிளைவுட் போர்த்திய அரை மீட்டர் கனசதுரம் ஒன்று முளைக்கும். அதை இழுத்து நீட்டலாம், தட்டையாக்கலாம், முறுக்கலாம், உள்ளே குடையலாம். ஆரம்ப நாட்களில் ஒரு பிரிமை எந்தப் பக்கமும் 10 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. அதைவிடக் கறாரான கட்டுப்பாடு எண்ணிக்கை. ஒரு ரீஜனுக்கு மொத்தம் 15,000 பிரிம்தான். அதை மனைக்கு மனை பங்கிட்டால், 512 சதுர மீட்டர் மனைக்கு 117 வரும். சுவர், கதவு, நாற்காலி, திரைச்சீலை, தொட்டிச் செடி, மேசைமேல் இருக்கும் டம்ளர் எல்லாம் இந்த 117க்குள் அடங்க வேண்டும்.

எனவே அங்கே ஒரு சிக்கனக் கலை வளர்ந்தது. நாலு சுவருக்கு நாலு பிரிம் செலவழித்தால் அவர் கற்றுக்குட்டி. கைதேர்ந்தவர் ஒரே கனசதுரத்தை எடுத்து நடுவில் குடைந்து நிறுத்துவார். மேலும் கீழும் திறந்து, நாலு பக்கமும் சுவர் எழும்பி நிற்கும். ஒரு பிரிமில் ஒரு அறை முடிந்தது. ஜன்னலுக்குத் தனிப் பிரிம் வேண்டாம். சுவரில் ஒட்டும் படத்திலேயே ஜன்னல் வரும் இடத்தை மட்டும் ஒளி ஊடுருவும்படி விட்டுவிடலாம். மிச்சப்பட்ட பிரிம்களை நல்ல சோபாவில் போடுவார்கள். பிற்பாடு வேறு மென்பொருளில் செய்து கொண்டுவரும் மெஷ் வடிவங்கள் வந்தன, ஒதுக்கீடும் உயர்ந்தது. அதே மனைக்கு இன்று 175. ஆனாலும் பழைய கொத்தனார்கள் அந்தக் குடைந்த கனசதுரத்தைப் பற்றி இன்னும் பெருமையாகப் பேசுவார்கள்.

இந்த வீடுகளுக்குள் முதன்முறை நுழைபவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும்: எல்லாமே பூதாகரமாக இருக்கும். கூரை கல்யாண மண்டப உயரத்தில், கதவு லாரி நுழையும் அகலத்தில். இது பகட்டு இல்லை. நாம் அந்த உலகத்தைப் பொதுவாக அவதாரின் கண் வழியாகப் பார்ப்பதில்லை. முதுகுக்குச் சில மீட்டர் பின்னால், தலைக்குச் சற்று மேலே மிதக்கும் ஒரு கேமரா வழியாகப் பார்க்கிறோம். நிஜ அளவில் அறை கட்டினால் அவதார் உள்ளே நிற்கும், கேமரா சுவரில் முட்டிக்கொண்டு திணறும். ஆக அங்கே அறைக்கு அளவெடுப்பது கேமராவுக்காக. அறையில் குடியிருப்பது உடம்பு இல்லை, பார்வைதான்.

உடம்புக்கு அந்த வீட்டில் என்ன வேலை? நாற்காலிகளைக் கவனித்தால் பதில் கிடைக்கும். நல்ல சோபா ஒன்றுக்குள் பத்து இருபது அசைவுகள் பொதிந்திருக்கும்: கால்மேல் கால் போட்டு உட்காருவது, சாய்ந்து தூங்கி வழிவது, பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்ப்பது. இவை அவதாருக்குத் தானாகத் தெரியாது. சோபாதான் அவதாரை உட்கார வைக்கிறது. தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வெட்டவெளியில் இரண்டு பேர் பேசினால், மணிக்கணக்கில் விறைத்து நின்றுகொண்டே பேச வேண்டியிருக்கும். அடுப்படியில் யாரும் சமைப்பதில்லை; ஒருவர் அடுப்புப் பக்கம் நிற்க, இன்னொருவர் மேடையில் சாய்ந்து பேச அது ஒரு சாக்கு.

இனி சுவருக்கு வருவோம். நிஜ வீட்டில் சுவரின் முதல் வேலை மறைப்பது. அங்கே சுவர் எதையும் மறைக்காது. கேமராவைத் தனியே நகர்த்தத் தெரிந்தவர் யாரும், தெருவில் நின்றபடியே உங்கள் படுக்கையறைக்குள் கேமராவை அனுப்பலாம். பேச்சையும் சுவர் தடுக்காது. நீங்கள் தட்டச்சு செய்வது 20 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எல்லோருக்கும் தெரியும், நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும். கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100. சர்வருக்குத் தெரிவது தூரம் மட்டும். சுவர் என்பது அதற்கு வெறும் வடிவம்.

இதற்கு மக்கள் கண்டுபிடித்த தீர்வு அழகானது. அங்கே 4,096 மீட்டர் உயரம் வரை பொருட்களை நிறுத்தி வைக்கலாம். புவியீர்ப்பு கேள்வி கேட்காது. எனவே அந்தரங்கம் வேண்டியவர்கள் வீட்டை ஆகாயத்தில், ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் மிதக்க விட்டார்கள். இதற்கு ஸ்கைபாக்ஸ் என்று பெயர். சுவர் செய்ய வேண்டியதைத் தூரம் செய்தது. அப்புறம் அந்த மிதக்கும் பெட்டிக்கும் சுவர் வைத்து, சுவரில் ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு வெளியே தோட்டம் தெரிவதுபோல ஒரு படத்தையும் ஒட்டினார்கள்!

உண்மையான பாதுகாப்பு வேறெங்கோ இருக்கிறது. மனையின் அமைப்புப் பக்கத்தில் யார் வரலாம், யார் கூடாது என்ற பட்டியல். யாராவது கண்டதைப் போட்டுவிட்டுப் போனால் சில நிமிடங்களில் அவருக்கே திருப்பி அனுப்பும் வசதி. அழையாமல் வந்தவரைத் தூக்கி எறியும் காவல் உருண்டைகளும் விற்பனைக்கு உண்டு. பின்னாளில், மனைக்கு வெளியே இருப்பவர் கண்ணுக்கு உள்ளே இருக்கும் அவதார்கள் தெரியாமல் செய்யும் தேர்வையும் நிறுவனம் சேர்த்தது. சர்வரின் பார்வையில் வீடு என்பது கூரை மாட்டிய அனுமதிப் பட்டியல். என்ன இங்கே தங்கலாம், யார் இங்கே இருக்கலாம், அவ்வளவுதான். என் கணிப்பில் நிஜ வீட்டின் சாரமும் இதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. மழையும் வெயிலும் அதைப் பார்க்கவிடாமல் மறைக்கின்றன.

இது செகண்ட் லைஃபோடு தொடங்கிய கதையும் இல்லை. 1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கொமடோர் 64 கணினிகளுக்காக ஹேபிடாட் என்ற உலகத்தை உருவாக்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வரும் தகவல், நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். அந்த நெருக்கடியிலும் அதைக் கட்டிய சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் 20,000 அவதார்களுக்கு 20,000 வீடுகள் வேண்டும் என்றுதான் திட்டம் போட்டார்கள். அந்த உலகத்தில் இறந்துபோனால் அவதார் போய்ச் சேருமிடம் அதன் சொந்த வீடு.

படமே இல்லாத உலகத்திலும் இதே கதைதான். 1990இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ முழுக்க எழுத்தால் ஆனது. கர்ட்டிஸ் தன் கலிபோர்னியா வீட்டையே அதற்கு வரைபடமாக எடுத்துக்கொண்டார். உள்ளே வருபவர் முதலில் விழிப்பது கோட்டு மாட்டும் அலமாரிக்குள். ஒரு கட்டளை தட்டினால் புது அறை, வருணனை நாம் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது இணைப்பைத் துண்டித்துவிட்டால் அவருடைய உடம்பு தூங்கியபடி அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுப் பராமரிப்பாளர் வந்து அவரைப் படுக்கைக்கு இழுத்துச் செல்வதாக மற்றவர்களுக்கு ஒரு வரி தோன்றும்.

அந்த ஒரு வரியில் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இணைய உலகத்தில் மனிதர் சட்டென்று இல்லாமல் போகிறார். கணினியை அணைத்தால் அவதார் கிடையாது. அவர் இல்லாத நேரத்திலும் அவருடையதாக அங்கே நிற்பது வீடு ஒன்றுதான். நண்பர் வந்து பார்க்கலாம், வாசலில் ஒரு பரிசை வைத்துவிட்டுப் போகலாம், அண்டை வீட்டுக்காரர் "இன்னும் விளக்கு மாற்றவில்லையே" என்று நினைக்கலாம். ஆள் இல்லாதபோதும் ஆள் இருப்பதைச் சொல்ல ஒரு பொருள் வேண்டியிருக்கிறது.

விளையாட்டு நிறுவனங்கள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் சொந்தக்காரர் வராத வீடு மெல்லச் சிதிலமாகும். இடியும் தறுவாயில் உள்ள வீட்டைச் சுற்றி ஆட்கள் காத்துக் கிடப்பார்கள், விழுந்ததும் உள்ளே இருப்பதை அள்ள. ஃபைனல் ஃபேன்டசி 14இல் 45 நாள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாவிட்டால் வீடு இடிக்கப்படும். நிஜ உலகில் பெரிய பேரிடர் வந்தால் அந்தக் கணக்கை நிறுத்தி வைப்பதும் உண்டு.

திரையில் தெரியும் பெட்டியை மூளை எப்படி இடமாக ஏற்றுக்கொள்கிறது? எலி குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் அதன் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருப்பதை நரம்பியல் அறிஞர் ஜான் ஓகீஃப் 1971இல் காட்டினார். 2014இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனிதர்களிடம் அப்படிப்பட்ட அணுக்கள் இருப்பதற்கு 2003இல் கிடைத்த சான்று கணினித் திரையிலிருந்து வந்தது. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டவர்கள், கட்டிலில் இருந்தபடி ஒரு கற்பனை ஊரில் டாக்சி ஓட்டி விளையாடினார்கள். ஊரின் சில இடங்களுக்கு வரும்போது ஹிப்போகேம்பஸ் அணுக்கள் துடித்தன. உடம்பு ஓர் அங்குலம் நகரவில்லை.

இடம் இடமாகப் பதிந்துவிட்டால் இடத்தின் நாகரிகமும் கூடவே வந்துவிடுகிறது. 2007இல் ஆய்வாளர் நிக் யீ குழுவினர் செகண்ட் லைஃப் அவதார்களைக் கவனித்து ஆய்வு வெளியிட்டார்கள். ஆண் அவதார்கள் இருவர் பேசும்போது, பெண் அவதார்கள் இருவரைவிட விலகி நின்றார்கள். மிக அருகில் வந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நெரிசலான லிஃப்டில் நாம் செய்வதுபோலவே. சுவர் மறைக்காது என்று தெரிந்தும் ஏன் சுவர் வைக்கிறார்கள் என்பதற்கு இதுவும் விடை. கேமராவைச் சுவர் தடுக்காது. மனிதரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வாசலில் நின்று "வரலாமா" என்று கேட்பவர்களே அங்கே அதிகம்.

சொந்தக் கையால் செய்ததன்மேல் வரும் பாசமும் சேர்கிறது. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், காகிதத்தை மடித்து உருவம் செய்யச் சொன்னபோது, கற்றுக்குட்டிகள் தாங்கள் கோணல்மாணலாக மடித்ததற்கு நிபுணர் மடித்ததற்கு நிகராக விலை வைத்தார்கள். அந்தப் பொருளை மடிக்காதவர்கள் அதைக் கசங்கிய காகிதம்போலத்தான் மதித்தார்கள். 117 பிரிமில் வீடு கட்டியவரிடம் விலை பேசிப் பாருங்கள்.

2021இல் மெட்டாவெர்ஸ் என்ற பெயரில் இப்படிப்பட்ட இணைய உலகங்கள் மேல் ஜுரம் அடித்தபோது இவை எதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. டிசென்ட்ராலேண்ட் என்ற உலகம் 16 மீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக, இவ்வளவுதான் என்று எண்ணிக்கை வரையறுத்து, நிலத்தை விற்றது. அந்த நவம்பரில் 116 துண்டுகள் சுமார் 24 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயத்துக்குக் கைமாறின. வாங்கியவர்கள் பலர் விலையேறக் காத்திருந்தார்கள், குடிவரவில்லை. வந்துபோக ஆளில்லாத ஊரில் நிலத்துக்கு என்ன மதிப்பு? விலை சரிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் செகண்ட் லைஃபில் நேரெதிராக ஒன்று நடந்தது. 2019 ஏப்ரலில் லிண்டன் லேப் பெல்லிசேரியா என்ற புதுக் கண்டத்தைத் திறந்து, சந்தா கட்டுபவர்களுக்கு 1,024 சதுர மீட்டர் மனையோடு வீடு கொடுத்தது. தண்ணீரில் மிதக்கும் படகு வீடுகளும் அதில் உண்டு. இந்த வீட்டை விற்க முடியாது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அடுத்தவருக்குப் போய்விடும். முதல் தொகுதி மளமளவென்று தீர்ந்து, நிறுவனம் ரீஜன் மேல் ரீஜனாகச் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு காசு லாபம் பார்க்க வழியில்லாத இந்தக் கண்டத்தில் குடிவந்தவர்கள் கூடிப் பழகி, தங்களுக்குள் ஒரு பாஸ்போர்ட் அலுவலகமும் தொடங்கினார்கள். பறக்கத் தெரிந்தவர்கள் பாஸ்போர்ட்டோடு இடம் இடமாகப் போய் முத்திரை குத்திக்கொண்டு வருகிறார்கள்.