ஈர இலையில் என்ன வாசம்?

சிங்கப்பூரில் இலையுதிர் காலம் கிடையாது. ஆனாலும் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், சிவந்து விழுந்த நாட்டு வாதுமை இலைகள் நடைபாதையில் நனைந்து கிடக்கும். 2011இல் ரயில் ஓட்டம் நின்ற பழைய தண்டவாளத் தடம்தான் இன்று ரயில் காரிடார் என்னும் நடைபாதை. நீளம் 24 கிலோமீட்டர். அங்கே ஒரு காலையில் அப்படியொரு இலைமுன் கறுப்பி முழுதாக இரண்டு நிமிடம் நின்றுவிட்டாள். நான் தத்தெடுத்த நாய் அவள், இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று அழைக்கப்படும் கலப்பினத் தெருநாய். எதிரே வந்த அண்ணன், "வாரை இழுங்க தங்கச்சி, தானா வரும்" என்றார். நான் இழுக்காமல் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

அவள் மூக்குத் துளை காற்புள்ளி வடிவில் இருக்கும். முன்பக்கம் வட்டம், பக்கவாட்டில் ஒரு கீறல். வட்டத்தின் வழியே காற்றை இழுக்கிறாள், கீறலின் வழியே வெளியே விடுகிறாள். இலையருகே நின்ற புல்லின் பூ அவள் மூச்சுக்கேற்ப ஒதுங்கி ஒதுங்கி ஆடியது. நாம் முகர்ந்துவிட்டு மூச்சை விட்டால் எதிரே இருக்கும் வாசத்தையே ஊதித் தள்ளிவிடுவோம். நாயின் மூச்சோ பக்கவாட்டில் பின்னோக்கிப் போகிறது. போகும் வேகத்தில் முன்னாலிருந்து புதுக் காற்றையும் மூக்கை நோக்கி இழுத்துவிடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை இது நடக்கிறது.

உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு, எட்டில் ஒரு பங்கு போல மட்டும் மூக்கின் பின்கோடியில் உள்ள தனி அறைக்கு. மெல்லிய எலும்புகள் சுருட்டிய ஓலைபோல் அடுக்கடுக்காக இருக்கும் இடம் அது. வெளியேறும் மூச்சு அந்த அறைக்குள் நுழைந்து கலைப்பதில்லை. எனவே வாசம் அங்கே நின்று, சளிப்படலத்தில் கரைந்து, நரம்பணுக்களைத் தொடுகிறது. நமக்கு அத்தகைய அணுக்கள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 10 கோடிக்கும் மேல். எண்ணிக்கையைவிட அந்த அறையின் அமைப்புதான் எனக்குப் பெரிய அதிசயம்.

சரி, ஈர இலையில் அப்படி என்ன? முந்தின இரவு ஒரு நாய் காலைத் தூக்கியிருக்கலாம், காட்டுப்பன்றி உரசிப் போயிருக்கலாம். காய்ந்த பரப்பில் ஒட்டிக் கிடந்த வாச மூலக்கூறுகளை ஈரம் கிளப்பிவிடுகிறது. மழைக்குப் பிறகு மண் மணப்பதும் இப்படித்தான்: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின், விழும் துளிகள் தெறிக்கும்போது காற்றில் ஏறுகிறது. அதை நம் மூக்கே உடனே கண்டுபிடித்துவிடும். கறுப்பியின் மூக்குக்கு எத்தனை அடுக்குகள் தெரியுமோ!

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு, வாய் மூடியிருக்க வேண்டும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால் ஆவியாவது மெதுவாகிறது, இரைப்பு கூடுகிறது. இரைக்கும் நாயால் நிதானமாக மோப்பம் பிடிக்க முடியாது. மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை அதே தடத்தில் அவளைக் கூட்டிப்போனேன். நாக்கு தொங்க, அத்தனை இலைகளையும் மிதித்துக்கொண்டு நேரே நடந்தாள். அன்று முதல் நாங்கள் கிளம்புவது காலை ஆறரைக்கு.