இருவாயி: வாய் இரண்டு, வழி ஒன்று

சாதாரண தர விஞ்ஞானத்தில் இலத்திரனியல் பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான். பாடப்புத்தகத்தில் இருவாயி என்று இருக்கும். ஹட்டன் டவுனில் ரேடியோ திருத்தும் கடைக்குப் போனால் டயோட் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் டையோடு. எல்லாம் ஒரே சாமான்தான். ஆனால் ‘இரு’ என்பதைப் பார்த்துவிட்டு, மின்னோட்டம் இரண்டு பக்கமும் போகும் என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடுவதுதான் இருவாயியின் வேலை.

சரி, அந்த இரண்டு எது? மின்வாய். மின்னோட்டம் ஒரு பொருளுக்குள் நுழையும், வெளியேறும் இடத்துக்கு மின்வாய் என்று பெயர். நான்கு கால் உள்ளது நாற்காலி ஆனதுபோல, இரண்டு வாய் உள்ளது இருவாயி. பெயர் வாய்களை எண்ணுகிறது, திசைகளை அல்ல.

ஆங்கிலப் பெயரும் இதே கணக்குத்தான். 1904இல் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் உருவாக்கிய வெற்றிடக் குழாயில் இரண்டு மின்வாய்கள் இருந்தன. ஒன்று கதோட்டு, மற்றது அனோட்டு. சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் அனோட்டுக்குப் பாயும். குளிர்ந்த அனோட்டிலிருந்து திரும்பி வராது. 1919இல் வில்லியம் எக்கிள்ஸ் இந்த வகைக் குழாய்க்கு டயோட் என்று பெயரிட்டார். ‘டை’ என்றால் கிரேக்கத்தில் இரண்டு. ‘ஓட்’ என்பது பாதையைக் குறிக்கும் ‘ஹோடோஸ்’. 1834இல் மைக்கேல் பரடே வழக்குக்குக் கொண்டுவந்த அனோட்டு, கதோட்டு என்பவற்றின் வால் பகுதியும் அதுவே.

இன்று கையில் கிடைப்பது கண்ணாடிக் குழாய் அல்ல, சிலிக்கன் போன்ற குறைகடத்தியால் (கடத்திக்கும் காவலிக்கும் இடைப்பட்ட பொருளால்) ஆன இருவாயி. 4007 என்று முடியும் இலக்கமுள்ள ஒன்றை வாங்கிப் பாருங்கள். அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய கறுப்பு உருளை. ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோடு உள்ள பக்கம் கதோட்டு. இரண்டு டோர்ச் பற்றரிகளைத் தொடராக வைத்தால் 3 வோல்ட். கோடில்லாத பக்கத்தைப் பற்றரியின் நேர்முனைக்கும், கோடுள்ள பக்கத்தை ஒரு சிறிய டோர்ச் மின்குமிழ் வழியாக மறைமுனைக்கும் தொடுத்தால் குமிழ் எரியும், வழக்கத்தை விடக் கொஞ்சம் மங்கலாக. சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்வதுதான் காரணம். இது முன்முகக் கோடல். இருவாயியைத் திருப்பிப் போட்டால் குமிழ் அணைந்துவிடும். இது பின்முகக் கோடல். (பற்றரியோடு மட்டும் செய்யுங்கள். சுவர் மின்சாரத்தில் வேண்டவே வேண்டாம்.)

உள்ளே நடப்பது இதுதான். இருவாயிக்குள் இரண்டு வகைக் குறைகடத்தி ஒட்டியிருக்கும்: துளைகள் (இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள்) மிகுந்த பி வகை, இலத்திரன்கள் மிகுந்த என் வகை. இரண்டும் சந்திக்கும் இடத்தில், துளைகளும் இலத்திரன்களும் ஒன்றையொன்று நிரப்பிவிடுவதால், அசையும் ஏற்றங்கள் இல்லாத ஒரு மெல்லிய படை உண்டாகிறது. முன்முகக் கோடலில் அந்தப் படை ஒடுங்கும், ஓட்டம் பாயும். பின்முகக் கோடலில் அகலும், ஓட்டம் அநேகமாக நின்றுவிடும். ‘அநேகமாக’ என்பதைக் கவனியுங்கள்: மிகச் சிறிய கசிவோட்டம் இருக்கும், வோல்ட்டளவு எல்லை மீறினால் பின்முகமாகவும் ஓட்டம் பாய்ந்து சாதாரண இருவாயி பழுதாகிவிடலாம்.

லக்சபான நீர்மின்சாரம் வீட்டுக்கு வருவது ஆடலோட்டமாக, 230 வோல்ட், செக்கனுக்கு 50 சுற்று. போன் பற்றரிக்குத் தேவை நேரோட்டம். அதனால் சார்ஜருக்குள் வழக்கமாக நான்கு இருவாயிகள் பாலம்போல் இணைந்து, திசை மாறி மாறி வருவதை ஒரே திசைக்குக் கொண்டுவருகின்றன. இதற்குச் சீராக்கல் என்று பெயர்.

ஒருவழிக் கடத்தி என்று பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வேலை உடனே புரியும், உண்மைதான். ஆனால் செனர் இருவாயி என்ற வகையைப் பின்முகக் கோடலில் கடத்தவைத்தே பயன்படுத்துகிறோம். அங்கே அந்தப் பெயர் பொய்த்துவிடும். இருவாயி எங்கும் பொருந்தும். ஒளிகாலும் இருவாயி என்பதோ இன்னும் அழகு: காலுதல் என்றால் உமிழ்தல், நஞ்சு காலும் பாம்பு என்கிறோமே, அந்தக் காலுதல். எல்ஈடி மின்குமிழில் ஒளி காலுவது இந்த இருவாயிதான். தனியாக வாங்கினால் நீளமான கால் அனோட்டு. தொடுக்கும்போது தொடராக, ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு தடையியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கருகிவிடும்.